ரூட் யார்?

(படிப்பகங்கள் நடத்தும் நண்பர்களின் கூட்டத்தில் பேசியது. பேச்சை முழுக்கத் திருத்தாமல் எழுதித் தந்திருக்கிறேன்.)



கவிதை பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசுகிறேன் என்று நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ‘பேங்க்ல நாள் முழுக்க அந்தப் பொட்டி முன்னாலதான உக்காந்திருக்கற, இங்கயும் வந்து அதே பேச்சா’ என்று ஒரு தோழர் வாசலிலேயே மடக்கினார். பேங்கில் இருக்கிற பொட்டி என்னுடையதில்லை. அதில் நான் தப்பு செய்தால் மேலே ஒருத்தர் திருத்துவார். படிப்பகத்துப் பொட்டியில் தப்பு செய்தேன், திருத்த மேலே யாருமில்லை. என்ன தப்பு, எப்படி நடந்தது என்று சபையில் சொல்லியாக வேண்டும். உங்கள் ஊர்ப் படிப்பகத்திலும் இந்த வேலை வரும். அப்போது யாராவது என்னை நினைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றால் போதும்.

செய்யாறு பக்கம் எங்கள் காலனிப் படிப்பகத்தில் மூன்று கணிப்பொறிகள் இருக்கின்றன. இரண்டு, அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகள். 2011இல் தொடங்கிய திட்டம் அது. வாங்கின பிள்ளைகள் படித்து முடித்து, வேலைக்குப் போய், படிப்பகத்துக்கென்று விட்டுவிட்டுப் போனவை. மூன்றாவது பெரிய மேசைக் கணிப்பொறி. ஒரு அலுவலகம் கழித்துக் கட்டியதை ஏலத்தில் எடுத்தோம். மூன்றிலும் விண்டோஸ். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுபோனது. 11க்கு மாறலாமென்றால், டி.பி.எம். 2.0 என்ற ஒரு பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்ன தலைமுறை பிராசசருக்கு மேல்தான் ஏற்கும் என்று நிபந்தனை. நம்முடையது எதுவும் அதில் சேராது. கடைக்காரர் பார்த்துவிட்டு, “தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்குங்க சார்” என்றார். மெஷின் ஓடுகிறது. பாட்டு கேட்கிறது. பிள்ளைகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார்கள். எதற்குத் தூக்கிப் போடுவது?

லினக்ஸ் போட்டுவிடலாம் என்றேன் நான்.

தெரியாத தோழர்களுக்காக நாலு வார்த்தை. கணிப்பொறியில் மற்ற எல்லா வேலைக்கும் அடியில் இருந்து, எந்த நிரலுக்கு எவ்வளவு நினைவகம், யார் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று தீர்மானிக்கிறதே அதுதான் இயங்குதளம். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதத் தொடங்கியது யுனிக்ஸ். முதலில் பல்கலைக்கழகங்களுக்கு மூல நிரலோடு கொடுத்தார்கள். பிறகு அது வணிகப் பொருளானதும் நிரல் மூடிக்கொண்டது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன், அதைப் போலவே நடந்துகொள்கிற, ஆனால் எவரும் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பங்கு வைக்கலாம் என்கிற ஒன்றை எழுதுவதாக அறிவித்தார். பெயர் குனு. ‘குனு யுனிக்ஸ் இல்லை’ என்பதுதான் அந்தப் பெயரின் விரிவே. 1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்குத் தேவைப்பட்ட கருவை எழுதினார். அதுதான் லினக்ஸ். 1993இல் இயான் மர்டாக் இவற்றையெல்லாம் சேர்த்துக் கட்டி டெபியன் என்ற தொகுப்பைத் தொடங்கினார். நாங்கள் போட்டது அதன் 13ஆம் பதிப்பு, 2025 ஆகஸ்டில் வந்தது.

இன்றைக்கும் லினக்ஸை யுனிக்ஸ் என்று சொல்லக்கூடாது. யுனிக்ஸ் பதிவு செய்யப்பட்ட வணிகப் பெயர். சோதனைக்கு உட்பட்டு, காசு கட்டிச் சான்றிதழ் வாங்கினால்தான் அந்தப் பெயர். ஆப்பிளின் மேக் வாங்கி வைத்திருக்கிறது. சான்றிதழ் வாங்காதவையெல்லாம் ‘யுனிக்ஸ் போன்றவை’. உலகத்தின் பெரும்பாலான சர்வர்களை ஓட்டுகிற சாமானுக்குச் சான்றிதழ் இல்லை! தாசில்தார் ஆபீசுக்கு நடந்து தேய்ந்த நமக்கு இது புரியாமல் போகுமா.

இதில் ரூட் என்று ஒரு பயனர் உண்டு. வேர். எந்தக் கோப்பையும் படிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம், யாரையும் உள்ளே விடலாம், வெளியே தள்ளலாம். உண்மையில் இயங்குதளம் பார்ப்பது பெயரையில்லை, எண்ணை. பயனர் எண் 0 யாருக்கு இருக்கிறதோ அவர் ரூட். மற்றவர்களெல்லாம் சாதாரணப் பயனர், தன் வீட்டுக்குள்தான் ராஜ்ஜியம். பேங்கில் வேலை செய்கிறவனுக்கு இது உடனே விளங்கிவிடும். நான் ஒரு வவுச்சரைப் பதிவேன். அது அப்படியே நிற்கும். அதிகாரி தன் ஐடியில் போய் பாஸ் பண்ணினால்தான் நகரும். மேக்கர், செக்கர் என்போம். எட்டு வருசமாக நான் மேக்கர். படிப்பகத்துக்கு வந்ததும் எனக்கு ரூட் கிடைத்தது. அந்தக் கிறுக்கு தலைக்கேறியிருக்க வேண்டும், இப்போது நினைத்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

அந்த மேசைக் கணிப்பொறியில் ஒப்பாரிப் பாடல்கள் இருந்தன. எங்கள் காலனியிலும் சுற்றி ஏழெட்டு ஊர்களிலும் இருக்கிற பெரியம்மாக்கள், ஆயாக்கள் பாடியது. படிப்பகத்துப் பிள்ளைகள் சின்ன ரெக்கார்டரை வைத்துக்கொண்டு மூன்று வருசம் அலைந்து பதிந்த 212 எம்பி3 கோப்புகள். பாடினவர்களில் அஞ்சு பேர் இன்றைக்கு இல்லை. அந்த அஞ்சு பேர் குரலும் உலகத்தில் வேறெங்கும் இல்லை. நகல் எடுத்து வைக்கணும், வைக்கணும் என்று பேசிக்கொண்டே இருந்தோம். அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பென்டிரைவில் டெபியனை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். 4 ஜி.பி. பென்டிரைவ் போதும். கணிப்பொறியை அணைத்துவிட்டுத் திரும்பப் போடும்போது எஃப்12ஐத் தட்டி, பென்டிரைவிலிருந்து கிளம்பச் சொன்னேன் (சில மெஷினில் எஃப்2, சிலதில் எஸ்கேப், தட்டிப் பார்க்க வேண்டியதுதான்). பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள். மொழி என்று கேட்டது. ஆங்கிலம் என்றேன். அடுத்து நாடு, விசைப்பலகை, வைஃபை, மெஷினுக்குப் பெயர். தட்டித் தட்டித் தாண்டிக்கொண்டே போனேன். பின்னால் இருப்பவர்கள் ‘சாருக்குக் கை எப்படி ஓடுது பார்’ என்கிறார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அப்புறம் வட்டைப் பிரிக்கிற இடம். நிறுவுகிற வேலையில் பயப்பட வேண்டிய ஒரே இடம் இதுதான். அந்த மெஷினில் இரண்டு வன்வட்டு. ஒன்றில் விண்டோஸ், இன்னொன்றில் பாட்டு. இரண்டும் 500 ஜி.பி. லினக்ஸில் சி, டி என்று டிரைவ் எழுத்துக் கிடையாது. எஸ்டிஏ, எஸ்டிபி என்று காட்டும். முதலில் இருப்பது விண்டோஸாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு பண்ணி எஸ்டிஏவைத் தேர்ந்தேன், முழு வட்டையும் எடுத்துக்கொள் என்றேன். எழுதுவதற்கு முன்னால் அது ஒரு முறை நின்று கேட்கும். இன்ன வட்டின் பிரிவு அட்டவணை மாறப்போகிறது, இன்ன பிரிவு ஃபார்மட் ஆகப்போகிறது, எழுதலாமா? ‘இல்லை’ என்பதுதான் முன்கூட்டியே தேர்வாகி நிற்கும். அவ்வளவு ஜாக்கிரதையாக எழுதியிருக்கிறான் எழுதினவன். நான் ‘ஆம்’ என்று மாற்றி என்டர் அடித்தேன்.

எஸ்டிஏ எது, எஸ்டிபி எது என்பது கம்பி எந்தத் துளையில் செருகியிருக்கிறது, எது முதலில் விழித்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்தது. அதற்கு நம் ‘முதல்’, ‘இரண்டாவது’ தெரியாது.

நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. புதுத் திரை வந்தது. கைதட்டினார்கள். பிள்ளைகளில் ஒன்று, “அண்ணே, பாட்டு போடுண்ணே” என்றது. இன்னொரு வட்டைத் திறந்தேன். விண்டோஸ் என்றொரு அடைவு. அதன் கோப்புகள் அத்தனையும் பத்திரமாக இருந்தன.

எதை ஒழிக்க வந்தேனோ அது இருந்தது. பாட்டு போய்விட்டிருந்தது.

அந்த நிமிடம் நான் செய்த ஒரே நல்ல காரியம், மின்கம்பியைப் பிடுங்கியது. ஃபார்மட் செய்தால் கோப்பின் உடம்பு உடனே அழிந்துவிடாது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, அதன் பெயர் என்ன என்கிற பதிவேடுதான் முதலில் போகும். உடம்பு வட்டில் கிடக்கும், அதன்மேல் வேறு ஏதாவது எழுதப்படும் வரைக்கும். மெஷின் ஓட ஓட, லினக்ஸ் தன் பாட்டுக்கு எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். அதனால் உடனே நிறுத்த வேண்டும். சுழல்கிற பழைய வன்வட்டாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். எஸ்.எஸ்.டி. வட்டாக இருந்தால் வெற்றிடம் என்று தெரிந்ததைத் தானே துடைத்துவிடும், பெரும்பாலும் மீட்க வழியிருக்காது.

ஃபோட்டோரெக் என்று ஒரு நிரல் இருக்கிறது. கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் எழுதியது. இலவசம், கட்டற்றது. பெயர் போட்டோவுக்கு மட்டும் என்பது போல இருந்தாலும் பாட்டையும் எடுக்கும். அழிந்த பதிவேட்டை அது பார்ப்பதே இல்லை. வட்டை முதலிலிருந்து கடைசி வரை துழாவி, எம்பி3 என்றால் இப்படித் தொடங்கும், படம் என்றால் இப்படித் தொடங்கும் என்கிற சாடையை வைத்து உருப்படி உருப்படியாக அள்ளும். அள்ளியதை அதே வட்டில் வைக்கக்கூடாது, கிடப்பவற்றின் மேலேயே விழும். நண்பரிடம் வெளிவட்டு ஒன்று இரவல் வாங்கி, வேறொரு பென்டிரைவிலிருந்து மெஷினைக் கிளப்பி, சாயங்காலம் ஓட விட்டேன். விடிய விடிய ஓடியது. படிப்பகத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். தூங்கியதாகச் சொல்ல முடியாது.

காலையில் எண்ணினால் 171. மீதி நாற்பத்தொன்று போனது போனதுதான். அந்த இடத்தின் மேல் டெபியன் உட்கார்ந்திருந்தது. வந்த 171இலும் பெயர் ஒன்றும் இல்லை. எஃப் போட்டு ஒரு நீளமான எண், அவ்வளவுதான். வட்டில் எந்த இடத்தில் கிடந்ததோ அந்த எண். யார் பாடியது, யாருக்காகப் பாடியது, எந்த ஊர், எல்லாம் கோப்பின் பெயரில்தான் இருந்தது. தனியாக நோட்டு ஏதும் போட்டிருக்கவில்லை.

அம்மாக்களிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒரு ஆயா கேட்டார்: “போனது போவட்டும், நாங்க இருக்கறோம் இல்ல, மறுபடி பாடினா ஆச்சு. இல்லாதவ பாட்டுக்கு என்னா பண்ணுவ?” அதற்கு இன்றைக்கும் என்னிடம் பதிலில்லை.

அடுத்த ஆறு ஞாயிறு, படிப்பகத் திண்ணையில் ஒலிபெருக்கியை வைத்து ஒவ்வொன்றாகப் போட்டோம். எண்ணைச் சொல்வோம், பாட்டு ஓடும், அம்மாக்கள் சொல்வார்கள், ஒரு பெண் எழுதுவாள். ஒரு பெரியம்மாவிடம் ‘இது நீங்கதான’ என்றேன். “நான் இல்லடா, எங்க அக்கா. நான் மூக்கால இழுப்பேன், அவ தொண்டையால இழுப்பா, காது கேக்கலியா உனக்கு” என்றார். மூன்று வருசமாக அந்தக் கோப்பு தங்கச்சி பெயரில்தான் இருந்திருக்கிறது. இன்னொன்றில் பாட்டே சரியாகக் கேட்கவில்லை, நடுவில் ஒரு இருமல். “எங்க ஆயா” என்று ஒன்பதாவது படிக்கிற பிள்ளை எழுந்துகொண்டது. சில கோப்புகளில், வட்டில் துண்டு துண்டாகக் கிடந்ததைத் தப்பாக ஒட்டியதால், புருசனுக்கு அழுகிற பாட்டின் பாதியில் வேறொருத்தி தாய்க்கு அழுகிறாள். அதை வெட்டிப் பிரிக்க உட்கார்ந்தபோது, “இருக்கட்டும் விடு, சாவு வீட்ல அப்படித்தான இருக்கும்” என்றார் ஒருவர். ஆனாலும் பிரித்து வைத்திருக்கிறோம், ஒட்டியதையும் வைத்திருக்கிறோம்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. காணாமல் போன பெயர்கள் என்று நான் அழுத பெயர்களில் பாதி ‘கிழவி பாட்டு 3’, ‘ஒப்பாரி புதுசு’, ‘டெஸ்ட் 2’. நாம் வைத்ததுதான். பாடினவளிடம் கேட்டு வைத்ததில்லை.

சரி, இரண்டாவது நிறுவலுக்கு வருகிறேன். இந்த முறை மொழி கேட்கும்போது தமிழ் என்றோம். டெபியன் நிறுவியில் தமிழ் உண்டு, தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தது. வரைகலை முறையில் கிளப்பினால்தான் பட்டியலில் தெரியும், வெறும் எழுத்து முறையில் நம் கொம்பும் காலும் ஒழுங்காக வராது. மொழிபெயர்ப்பு சில இடங்களில் கல்லும் முள்ளுமாக இருக்கிறது, அகராதித் தமிழ். இருந்தும் என்ன வித்தியாசமென்றால், பி.எஸ்சி. இரண்டாம் வருடம் படிக்கிற பெண் ஒருத்தி ஒவ்வொரு திரையையும் சத்தமாக வாசித்தாள். வாசித்து முடித்து, பின்னால் இருப்பவர்கள் சரி என்ற பிறகுதான் என்டர். வட்டு வந்தபோது, “எது பாட்டு வட்டு?” என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். பாட்டு வட்டின் கம்பியை முன்பே கழற்றி ஜன்னலில் வைத்திருந்தோம். ஆனாலும் கேட்டார்கள். முதல் தடவை ஆங்கிலத் திரையின் முன்னால் இவர்கள் எல்லோரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். என்னை நிறுத்த அவர்களுக்கு வழி வைக்கவில்லை நான்.

ரூட் கடவுச்சொல் கேட்கிற திரை வந்தது. அதைக் காலியாக விட்டால் ரூட்டாக யாரும் நேரே நுழைய முடியாது. நிறுவும்போது உருவாக்குகிற முதல் பயனருக்கு, தேவைப்படும்போது மட்டும் ரூட் வேலையைச் செய்கிற உரிமை வரும். சூடோ என்று அந்தக் கட்டளைக்குப் பெயர். எங்கள் பிள்ளைகள் ‘சூடு’ என்பார்கள். ‘சூடு போட்டாத்தான் கேக்கும்’ என்பது படிப்பகத்துப் பேச்சு. யார் எப்போது என்ன சூடு போட்டார் என்பது பதிவாகும். ‘முதல் பயனரா சார் பேரப் போடு’ என்றார்கள். வேண்டாம் என்றேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை, நான் மாற்றலாகிப் போனால் மெஷின் பூட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரம் வாக்குவாதம். பொட்டச்சி கையில் சாவியா என்று வாய்விட்டு யாரும் சொல்லவில்லை. நம்ம பையன்கள், அந்த அளவுக்குத் தேர்ச்சி உண்டு. ‘கல்யாணமாகிப் போயிடுமே’ என்றார்கள். ‘நீ சவுதி போகமாட்டியா’ என்று அவளே கேட்டாள். இப்போது அவளும் ஒரு பையனும், இரண்டு பேருக்குச் சூடு உரிமை. எனக்குச் சாதாரணக் கணக்கு.

யுனிக்ஸ் வகையில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று கட்சி: உடையவர், குழு, மற்றவர். ஒவ்வொருவருக்கும் படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டிப் போட வேண்டியது. 640 என்றால் உடையவர் படிக்கலாம் எழுதலாம், குழு படிக்கலாம், மற்றவருக்கு ஒன்றுமில்லை. நம் பத்திரிகைகளில் ‘மற்றமை, மற்றமை’ என்று எழுதித் தேய்த்திருக்கிறோமே, இங்கே அது கடைசி இலக்கம். இதில் நான் மெதுவாகக் கற்றுக்கொண்டது ஒன்று: ஒரு கோப்பை அழிக்கிற உரிமை அந்தக் கோப்பில் இல்லை, அது இருக்கிற அடைவில் இருக்கிறது. கோப்பை எழுதவே முடியாதபடி பூட்டி வைத்தாலும், அடைவில் எழுத உரிமையுள்ளவன் அதைத் தூக்கி எறியலாம். ஆகவே அடைவைத்தான் பூட்ட வேண்டும். பாட்டு அடைவைக் குழு திறக்கலாம், கேட்கலாம். சேர்க்கவோ நீக்கவோ அந்த இரண்டு பேர் வேண்டும். ஆறு பாட்டுகளை வெளியாருக்குக் கொடுக்கவே கூடாது என்று பாடினவர்கள் சொல்லிவிட்டார்கள். குடும்ப விவகாரம். அவை தனி அடைவு. எனக்கும் திறக்காது. நான் கேட்டுப் பார்த்தேன், திறக்கவில்லை. சந்தோசம்.

பெயர் வைப்பதிலும் ஒரு சிக்கல் வந்தது. பாடினவர் பெயர், யாருக்காக, ஊர், வருசம் எல்லாவற்றையும் தமிழிலேயே கோப்பின் பெயராக அடித்தோம். சிலது ஏற்க மறுத்தது. இந்தக் கோப்பு முறையில் பெயருக்கு 255 பைட்தான் எல்லை. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். யூனிகோட் தமிழில் ‘க’வுக்கு 3 பைட், ‘கி’க்கு 6. அவர்களுக்கு இருநூற்றைம்பத்தைந்து எழுத்து ஓடுகிற இடத்தில் நமக்கு ஐம்பது சொச்சத்தில் மூச்சு முட்டுகிறது. கோப்புக்கு எண் மட்டும் வைத்துவிட்டு, விவரத்தையெல்லாம் ஒரு பட்டியலில் எழுதினோம். அந்தப் பட்டியலின் அச்சுப் பிரதி படிப்பகத்துச் சுவரில் தொங்குகிறது. பயனர் பெயரும் வழக்கமான அமைப்பில் ஆங்கிலச் சின்ன எழுத்தில்தான் வைக்க விடும். அதை மாற்றலாமாம், நாங்கள் மெனக்கெடவில்லை.

மற்ற அலங்காரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மடிக்கணினிகளில் 2 ஜி.பி. நினைவகம்தான், அதனால் பாரமில்லாத எல்எக்ஸ்க்யூடி திரை. மேசை மெஷினில் எக்ஸ்எஃப்சிஇ. எழுத்துருவுக்கு லோகித் தமிழும் நோட்டோவும். தட்டச்சுக்கு ஐபஸ்: தமிழ்99, பழைய தட்டச்சு முறை, ஒலிபெயர்ப்பு மூன்றும் கிடைக்கும். டைப்ரைட்டிங் படித்த அக்கா அவர் முறையில் அடிக்கிறார், பிள்ளைகள் தமிழ்99. ஒரே கோப்பு, இரண்டு கை. பழைய இதழ்களின் அச்சுக் கோப்புகளைத் திறந்தால் மட்டும் கிறுக்கல் வருகிறது. அந்தக் காலத்தில் அச்சகத்துக்கு ஒரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியீடு. அதை மாற்றியெடுப்பது தனி வேலை, ஆள் தேவைப்படுகிறது, கை தூக்குங்கள். பாட்டுகளை ஒவ்வொரு ஞாயிறு இரவும் வெளிவட்டுக்கு நகலெடுக்க ஒரு கட்டளையை நேரம் குறித்து வைத்திருக்கிறோம். இன்னொரு நகல் பெரியம்மா வீட்டு டிரங்குப் பெட்டியில், புடவைக்கு நடுவில் இருக்கிறது. ஆறு மாசத்துக்கொரு முறை அதை எடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறேன். அவரே ஞாபகப்படுத்துகிறார்.

பென்டிரைவ் நாலு கொண்டுவந்திருக்கிறேன், டெபியன் எழுதியது. வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். பாட்டு, போட்டோ, மனு நகல் எது இருந்தாலும் வேறொரு இடத்தில் எடுத்து வைத்து, திறந்து பார்த்துவிட்டு, அந்த வட்டின் கம்பியைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

171இல் பதினாலு கோப்புகளுக்கு இன்னும் ஆள் தெரியவில்லை. எங்கள் அம்மாக்கள் யாரும் இல்லை என்கிறார்கள். வந்தவாசி பக்கம், சேத்துப்பட்டு பக்கம் பதிந்ததாக இருக்கலாம். ஹெட்போனோடு மடிக்கணினியை வாசலில் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்துத் தோழர்கள், முக்கியமாக வந்திருக்கிற அம்மாக்கள், சாப்பிடப் போகிறதுக்கு முன்னால் கொஞ்சம் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போங்கள்.